சீர் வண்டியின் ஹீட்டர்

அருவங்காடு
3.12.2024

மச்சான் தேவா அவர்களுக்கு,

கோகுல்நாத் எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. உங்கள் நலத்தைக் கார்த்திகா தினமும் போனில் சொல்லிவிடுகிறாள், நான் கேட்காமலேயே.

பாப்பாவுக்குப் பெயர் வைத்த அன்று, பந்தி முடிவதற்குள், உங்கள் சொந்தக்காரர் அத்தனை பேர் நடுவிலும் நின்றுகொண்டு, "இனிமே இந்த ஆளோட ஒரு வார்த்த பேசினா எம்பேரு தேவா இல்ல" என்று கத்தினீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் நம்பரை அங்கேயே பிளாக் செய்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் தபால். கார்த்திகா மூலம் சொல்லி அனுப்பலாமென்று பார்த்தேன். "நான் இன்னா போஸ்டாபீஸா வெச்சு நடத்துறேன்? நேரா எழுதிக்கினு சாவுங்க" என்று வைத்துவிட்டாள்.

வளைகாப்பு முடிந்து உங்கள் தங்கை கார்த்திகாவை நீங்கள் அழைத்துப்போன மாலை, நான் அவளை ஐஸ் பெட்டியில் வைத்து மலை இறக்கினேனாம். அந்தக் குளிரால்தான் குழந்தை குறைமாதத்தில் பிறந்ததாம். ஹீட்டர் சரியாகும்வரை தாயையும் பிள்ளையையும் மலைக்கு அனுப்பப் போவதில்லையாம். அன்று சபையில் நீங்கள் வைத்த குற்றச்சாட்டு இது. தை கடைசியில் பாப்பாவுக்கு ஐந்தாம் மாதம் பிறக்கிறது. அப்போது என் மனைவியும் மகளும் என் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த ஐஸ் பெட்டி உங்கள் வீட்டுச் சீர் என்பதை மறக்க வேண்டாம். கல்யாணத்தன்று மாலை போட்டு, குங்குமம் வைத்து, ஊரே பார்க்க ஒப்படைத்த, உங்கள் அப்பா ஓட்டிய கார். ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினால் காற்றாடி ஊரைக் கூட்டுகிறது, வருவதோ ஆறிப்போன காபியின் சூடு. ஆவடியில் அதை என்ன பாடு படுத்தினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோகுல்நாத்


சேக்காடு, ஆவடி
9.12.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அடுத்தவன் செய்த பொருளைத் தட்டிப் பார்த்து முத்திரை குத்துவதுதானே உங்கள் உத்தியோகம்.

ஐஸ் பெட்டி என்று சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்த வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன் நான். கண்ணாடி முழுக்கப் பனி பூத்து ரோடு தெரியவில்லை. ஹீட்டர் அடித்தால் தானே அது விலகும்? நீங்கள் ஜன்னலை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி ஓட்டினீர்கள். சாரல் முழுக்க வண்டிக்குள். பர்லியாறு வருவதற்குள் கார்த்திகா இருமத் தொடங்கிவிட்டாள். சபையில் எனக்குப் போர்த்திய துண்டை அவள் மேல் போட்டுவிட்டு நான் பல் நடுங்க உட்கார்ந்திருந்தேன். நீங்களோ "இதெல்லாம் ஒரு குளிரா மச்சான், டிசம்பர்ல வந்து பாருங்க" என்று பெருமை பேசினீர்கள். அடுத்த மாதமே குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும்போல இருந்தாள். குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்களும்தான் நின்றீர்கள்.

சுவரில் ஆணி அடிப்பதற்கும் ஆபீசில் மனுப் போட்டு வளர்ந்த குவார்ட்டர்ஸ் பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நான் இரண்டு தண்ணீர் லாரி வைத்து ஓட்டுகிறவன், சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் என்பது தனி அடுப்பு இல்லை. இன்ஜின் சூட்டை வாங்கிய தண்ணீர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரில் சுற்றி வரும். அதன் மேல் காற்றாடி ஊதும். தண்ணீர் குறைந்தால் சூடு குறையும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டோடு திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவுக்கு அப்பன் முகம் அடையாளம் தெரிய வேண்டும்.

தேவா


அருவங்காடு
16.12.2024

மச்சான் அவர்களுக்கு,

திறந்தேன். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. மூன்று நாள் வைத்த ரசத்தின் அடிமண்டி.

ஊருக்கெல்லாம் லாரியில் விற்கும் போர் தண்ணீரைத்தான் வண்டிக்கும் ஊற்றினீர்களா? ரேடியேட்டரில் துருப் பிடிக்காமல் இருக்க ஊற்றும் பச்சைக் கூலன்ட் என்று ஒரு பொருள் கடையில் விற்கிறது, கேள்விப்பட்டதுண்டா? வயல் இருந்த இடத்தில் போர் போட்ட பிறகு உங்களுக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான் மருந்து போலிருக்கிறது. குன்னூரில் போஜன் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். படுகர், அதிகம் பேச மாட்டார். வடிந்து வந்ததைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் வண்டி?" என்று மட்டும் கேட்டார். ஆவடி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலுக்கு நான் கூசிப்போனேன், உங்களால்.

தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிவிட்டு, புதுக் கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றிப் பார்த்தோம். காற்றாடியும் குமிழும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. சூடு மட்டும் பழைய காபிதான்.

லாரி முதலாளி அடுத்து என்ன சொல்கிறீர்கள்?

கோகுல்நாத்


சேக்காடு
21.12.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எங்கள் தண்ணீரைப் பழித்தீர்கள். உங்கள் குவார்ட்டர்ஸில் குழாய் வறண்ட கோடையில் உங்கள் அம்மா குடத்தோடு நின்றது எங்கள் லாரி முன்னால்தான். அப்போது இனித்ததா?

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கூலன்டுன்னா இன்னாடா, அது இல்லாம உங்கப்பா ஓட்டலியா?" என்கிறார். உங்கள் மாமியார் கஸ்தூரி அம்மாள் கேட்ட கேள்விக்கு உங்கள் பரிசோதனைப் பிரிவு பதில் சொல்லட்டும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், ஆனால் உங்கள் புத்தி இவ்வளவு மந்தம் என்று நினைக்கவில்லை. அரைமணி நேரம் ஓட்டிய பிறகு, டேஷ்போர்டில் இன்ஜின் சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது? பாதியில் நின்றால் கோளாறு ஹீட்டரில். அடியிலேயே படுத்திருந்தால் இன்ஜினே சூடாகவில்லை என்று அர்த்தம். அண்டாவில் கொதிக்காத தண்ணீர் டம்ளரில் எப்படிக் கொதிக்கும்?

பாப்பா இப்போது ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னைப் பார்த்து அதிகமாகச் சிரிக்கிறாள். மூக்கு மட்டும் உங்கள் ஜாடை, பாவம், வளர வளரச் சரியாகும் என்கிறார்கள்.

தேவா


அருவங்காடு
29.12.2024

மச்சான் அவர்களுக்கு,

முள் அடியிலேயே படுத்திருக்கிறது. குன்னூர் போய்த் திரும்பினாலும் எழுந்திருப்பதில்லை.

கேள்வி சரியான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். பதிலை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்திவைக்க தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். அது திறந்தபடியே சிக்கியிருக்கலாம் என்று போஜன் அதன் மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

காலி. வால்வு கெட்டிருக்கவில்லை மச்சான், வால்வே இல்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. இந்த மலைக் குளிரில் இன்ஜின் நாள் முழுக்க ஓடினாலும் சூடு பிடிக்காது, தண்ணீர் நேராக ரேடியேட்டருக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடும்.

யார் கழற்றியது? என் மனைவியை நான் குளிரில் இறக்கினேன் என்று சபையில் சொன்ன வாய் இப்போது சொல்லட்டும்.

கோகுல்நாத்


சேக்காடு
5.1.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான்தான் கழற்றச் சொன்னேன். இதற்கு ஏன் இவ்வளவு எக்காளம்?

ஆவடியில், அம்பத்தூரில், பூந்தமல்லியில் ஓடும் பழைய வண்டிகளைத் திறந்து பாருங்கள், பாதி வண்டியில் அது இருக்காது. மண்ணூர்பேட்டை கலியமூர்த்தியிடம் சூடாகிற வண்டியைக் கொண்டுபோனால் முதலில் அதைத்தான் பிடுங்கிப் போடுவார். "வெயில் ஊருக்கு வால்வு இன்னாத்துக்கு அண்ணாத்தே? தண்ணி சும்மா ஓடிக்கினே இருந்தா இன்ஜின் ஜில்லுனு கீது" என்பார். நாங்கள் சூட்டோடு சண்டை போட்டுப் பிழைக்கிறவர்கள். சூட்டைத் தேடி அலைகிற ஜாதி நாங்கள் இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்த மதியம், அந்த வண்டியில்தான் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். வேலப்பன்சாவடி சிக்னலில் கொதித்து, புகை விட்டு நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து மாற்றி ஏற்றுவதற்குள் நேரமாகிவிட்டது. மறுவாரமே வால்வைப் பிடுங்கச் சொன்னேன். இனிமேல் இந்த வண்டி என் ஆயுசில் சூடாகக்கூடாது என்று நினைத்தேன். குளிர் தேசத்தில் பெண் கொடுப்போம் என்று அப்போது எனக்கு ஜோசியமா தெரியும்? உங்களுக்குக் கொடுத்தபோது நீங்கள் இங்கே ஆவடி குவார்ட்டர்ஸில்தான் இருந்தீர்கள். மலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனது நீங்கள்.

புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி கூரியரில் போட்டிருக்கிறேன். அசல் பொருள். தட்டிப் பார்த்து முத்திரை குத்திவிட்டு மாட்டுங்கள்.

தேவா


அருவங்காடு
17.1.2025

மச்சான் அவர்களுக்கு,

பொங்கலன்று வேலையில்லாமல் குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கார்த்திகா வீடியோவில் பாப்பாவுக்குக் கரும்பைக் காட்டினாள். மறுநாள் வண்டியைப் போஜனிடம் விட்டேன்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் கேலி பேசப்போவதில்லை. இனி எழுதப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தெர்மோஸ்டாட் மாட்டியாகிவிட்டது. முள் எழுந்து பாதியில் நிற்கிறது. இன்ஜின் இப்போது நன்றாகச் சூடாகிறது. ஹீட்டரில் மட்டும் இன்னும் அதே பழைய காபி. போஜன் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பாதிவரை தொட முடியாத சூடு. பேட்டரிக்குப் பின்னால் ஓர் இடத்தைத் தாண்டியதும் சில்லென்று இருந்தது. கிளாம்பைத் தளர்த்தி, குழாயைப் பிடுங்கி, தலைகீழாக உதறினார். என் காலடியில் 'டங்' என்று விழுந்தது ஒரு போல்ட்.

கட்டை விரல் தடிமன். குழாய்க்குள் செருகி, மேலே கிளாம்ப் போட்டு முறுக்கி, ஒரு சொட்டுகூடப் போகாமல் அடைத்திருக்கிறீர்கள். வால்வைப் பிடுங்கியதற்குக் காரணம் சொன்னீர்கள், சரி. இதற்கு என்ன காரணம்? ஹீட்டர் என்ற ஒன்றே வேலை செய்யக்கூடாது என்று சபதமா? தொழிற்சாலையில் இப்படிச் செய்தவனை நாங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அடைத்த வண்டியைச் சீராகக் கொடுத்துவிட்டு, குளிர் என்று என்னைச் சபையில் நிறுத்திக் கேட்ட முகத்தை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

போல்ட்டைக் கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது.

கோகுல்நாத்


சேக்காடு
23.1.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக மண்ணூர்பேட்டை போனேன். போல்ட் வைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். கலியமூர்த்தி சட்டையைப் பிடிக்கிற கோபத்தில் போனேன். அந்த ஆள் ஒரு பைக்கின் கீழிருந்து தலையை நீட்டி, நிதானமாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா அண்ணாத்தே, எம்மேல பாயிற? கத்திரி வெயில்ல உங்க மாப்ளதான் வந்து நின்னாரு. புதுப் பொண்டாட்டிய கூட்டிக்கினு மகாபலிபுரம் போணும், ஏசி போட்டா சூடா அடிக்குதுன்னாரு. ஹீட்டர் வால்வு லீக்காவுது சார், சுடுதண்ணி நிக்காம உள்ள போவுது, சாமான் வர பத்து நாளாவும்னேன். 'அதெல்லாம் வேணாம், அடைச்சு வுட்ருங்க, இந்த ஊர்ல எவன் ஹீட்டர் போடப்போறான்'னு சொன்னாரு. அடைச்சேன். ஏசி ஜில்லுனு வந்துச்சு, சூப்பருன்னு கைகுடுத்துட்டுப் போனாரு. கேளு அவர."

கேட்கிறேன் மாப்பிள்ளை. கைகொடுத்தீர்களா?

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. வரும் வழியில் பைக்கை ஓரம் கட்டி மறுபடியும் சிரித்தேன். மகாபலிபுரம்! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சத்தம் போட்டுச் சொன்னேன். இதோ உன் மாப்பிள்ளையின் லட்சணம், இவரே அடைத்த அடைப்பில்தான் என் தங்கை நனைந்து, குழந்தை குறைமாதத்தில் பிறந்தது என்றேன்.

அப்போதுதான் கார்த்திகா உள்ளிருந்து வந்தாள். பாப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் பேசினாள். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "எனுக்கு பிரஷர் ஏறிப்போச்சு. கொயந்தய உள்ள வெச்சிருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு டாக்டரம்மா முன்னாடியே எடுத்தாங்க. குளிரும் இல்ல, வண்டியும் இல்ல. ஆஸ்பத்திரியில இத்த ரெண்டு பேரையும் நிக்க வெச்சுதான் சொன்னாங்க. காதுல வாங்கினீங்களா? நீ அவர மொறைச்சிக்கினு நின்ன, அவரு உன்ன மொறைச்சிக்கினு நின்னாரு. நான் உள்ள செத்துப் பொழைச்சிக்கினு கெடந்தேன். ரெண்டு மாசமா ரேடியேட்டர பத்தி லெட்டர் எய்துதுங்க, ரெண்டு மூதேவிங்க."

அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இதில் பாதி உங்களுக்கு.

தேவா


அருவங்காடு
28.1.2025

மச்சான் அவர்களுக்கு,

மகாபலிபுரம் போனது உண்மை. அடைக்கச் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கலியமூர்த்திக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. இதை வைத்து நீங்கள் என் அறுபதாம் கல்யாணம் வரை பேசப்போகிறீர்கள் என்று தெரியும். பேசுங்கள். பேச முடியாதே, எழுதுங்கள்.

கார்த்திகா சொன்னதில் என் பாதியை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா பேசியபோது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒரு வார்த்தையும் இப்போது ஞாபகமில்லை. வெட்கமாக இருக்கிறது.

புதுக் குழாயும் புது ஹீட்டர் வால்வும் போட்டாகிவிட்டது. நேற்றுக் காலை உறைபனியில் ஊட்டிவரை போய் வந்தேன். கண்ணாடியில் பனி பூக்கவில்லை. பாதி வழியில் ஸ்வெட்டரைக் கழற்றினேன், லவ்டேல் தாண்டியதும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டேன். போஜன் குமிழைத் தொட்டுப் பார்த்து, "இப்போ இது நம்ம ஊர் வண்டி" என்றார்.

ஆக, ஐஸ் பெட்டி போயிற்று. குளிரால்தான் என்ற பேச்சும் போயிற்று. ஐந்தாம் மாதம் இதோ வருகிறது. அடுத்து எதைக் காட்டி நிறுத்தப் போகிறீர்கள் மச்சான்? டயரில் காற்றா, வாஸ்துவா?

கோகுல்நாத்


சேக்காடு
2.2.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ஏதாவது கிடைக்குமா என்று நிஜமாகவே யோசித்தேன். டயர் நல்ல யோசனைதான்.

எதுவும் கிடைக்கவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். காலையில் லாரியை எடுப்பதற்கு முன்னால் பாப்பாவை மடியில் வைத்து வெயில் காட்டுவது என் வேலை. முதல் மாதம் அவளைத் தூக்கவே பயந்தேன், துணிதான் இருக்கும், கனமே இருக்காது. இப்போது என் மீசையைப் பிடித்து இழுக்கிறாள். அவளை அனுப்பிவிட்டு அடுத்த நாள் அந்த வெயிலில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஹீட்டர் சரியாகிவிடக்கூடாது என்று இரண்டு முறை வேம்புலியம்மனை வேண்டிக்கொண்டேன். தெர்மோஸ்டாட்டைக் கூரியரில் போட்டுவிட்டு வந்தும் வேண்டிக்கொண்டேன். என்னைப் போன்ற மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதைப் படித்துவிட்டு இளகிவிடாதீர்கள். உங்கள் இளக்காரத்தைத் தாங்குவேன், இரக்கம் ஒத்துக்கொள்ளாது.

ஒன்பதாம் தேதி காலை மேட்டுப்பாளையம் ரயிலில் வருகிறோம். கார்த்திகா, பாப்பா, அம்மா, நான். தாய்மாமன் சீரோடு நான் கொண்டுவந்து விடுவதுதான் முறை. உங்கள் முகத்துக்காக வரவில்லை. சத்தியம் சத்தியம்தான், வழியில் பேச மாட்டேன். வண்டி குளிர்ந்தால் அடுத்த ரயிலிலேயே திரும்பக் கூட்டிவந்துவிடுவேன்.

தேவா


அருவங்காடு
16.2.2025

மச்சான் அவர்களுக்கு,

வந்தீர்கள், இரண்டு நாள் இருந்தீர்கள், சொல்லாமல் போய்விட்டீர்கள். அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் உங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். ஆவடி வெயிலில் இதையெல்லாம் எந்தக் கடையில் தேடிப் பிடித்தீர்களோ. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கையை ஹீட்டர் துவாரத்துக்கு எதிரில் வைத்து, முகத்தைச் சுளித்தீர்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத சுளிப்பு.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்தது வேண்டுமென்றேதான். கல்லாறு தாண்டும்போது உங்கள் குல்லாவுக்குள்ளிருந்து வேர்வை ஒழுக ஆரம்பித்துவிட்டது. குறைக்கச் சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். பேசினால் சத்தியம் போய்விடும். ஸ்வெட்டரைக் கழற்றினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வீம்புக்கு இரண்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓரக்கண்ணால் பார்த்து ரசித்தேன். பெயர் வைத்த அன்று பட்ட அவமானத்துக்கு அந்த அரைமணி நேரம் போதும் என்றிருந்தது.

பர்லியாறு தாண்டியதும் பின்னாலிருந்து கார்த்திகா சொன்னாள், "பாப்பாவுக்குக் கயுத்தெல்லாம் வேர்க்குது."

இரண்டு பேருடைய கையும் ஒரே நேரத்தில் குமிழுக்குப் போய் மோதிக்கொண்டன. உங்களைப் பார்த்த கண்ணில் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. எதிரே பஸ் வளைந்து வந்துகொண்டிருந்தது. "வுடுங்க மாப்ளே, நான் பாத்துக்கிறேன், நீங்க ரோட்டப் பாருங்க" என்று அலறினீர்கள். நான் ஓரம் ஒதுங்கினேன். நீங்கள் குமிழைப் பாதிக்குத் திருப்பினீர்கள். பிறகு பின்னால் திரும்பி, குழந்தையின் கழுத்தை மப்ளர் முனையால் துடைத்தீர்கள். உங்களை வேகவைக்கப் போய் என் மகளை வேகவைத்துவிட்டேன்.

கார்த்திகாவும் பாப்பாவும் சுகம். காலையில் இங்கே வெயில் லேட்டாகத்தான் வருகிறது. வந்ததும் நான் அவளை மடியில் வைத்து உட்காருகிறேன். எனக்கு மீசை இல்லை. அவள் கையை நீட்டித் தேடிவிட்டு என்னைக் கேவலமாகப் பார்க்கிறாள். வளர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

சித்திரையில் வண்டியை ஆவடிக்கே ஓட்டி வருகிறோம். போல்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அங்கே தேவைப்படும். கலியமூர்த்தியிடம் சொல்லி வையுங்கள்.

கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது, மறுபடி வெளியே எடுத்து எழுதுகிறேன். பேசினால் உங்கள் பெயர் தேவா இல்லை என்று சபையில் சத்தியம் செய்தவர் நீங்கள். பர்லியாற்றில் பேசிவிட்டீர்கள், சாட்சிக்கு உங்கள் அம்மாவே இருக்கிறார். இனி உறையின் மேல் என்ன பெயர் எழுதுவது என்று கார்த்திகாவைக் கேட்டேன்.

அவள் பாப்பாவுக்குக் குல்லா போட்டுக்கொண்டே, "பாப்பாவோட மாமன், சேக்காடுன்னு எய்துங்க. வேற யார் கீறாங்க அந்தப் பேர்ல" என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன்.

கோகுல்நாத்